ரிவர்ஸ் போகிறதென்றால் கியர்பாக்ஸ் சாகவில்லை

கேள்வி: என் அப்பா பினாங்கில் இருபது வருடம் வேலை பார்த்தவர். 1985இல் ஊர் திரும்பும்போது ஒரு பென்ஸ் காரைக் கப்பலில் கொண்டுவந்தார். 1983 மாடல் 230 ஈ, பெட்ரோல், ஆட்டோமேட்டிக். நான் கார் ஓட்டக் கற்றதே அதில்தான். அப்பா உடம்புக்கு முடியாமல் இருந்த மூன்று வருடமும் வண்டி கொட்டகையிலேயே நின்றது. போன வருடம் அவர் காலமாகிவிட்டார். தை மாதம் புது பேட்டரி போட்டு வண்டியை எடுத்தேன். பத்து நாள் ஊருக்குள் நன்றாகவே ஓடியது. பதினோராம் நாள் காலை ரிவர்ஸ் போட்டுக் கொட்டகையைவிட்டு வெளியே எடுத்தேன். டி, அதாவது முன்னால் போகும் நிலை, போட்டால் எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. மறுபடி ரிவர்ஸ் போட்டால் பின்னால் போகிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில், பாக்ஸ் மொத்தமும் போய்விட்டது, வேறு வண்டியின் மேனுவல் பாக்ஸைப் பொருத்தித் தருகிறேன், எண்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் இறக்கிப் பிரித்து வேலை பார்க்க இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வண்டியை அப்படியே நாற்பதாயிரத்துக்குக் கேட்கிறார். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அப்பா ஓட்டிய கடைசி வருடங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கியர் பாக்ஸுக்குக் கொஞ்சம் ஆயில் ஊற்றுவார். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வரும். நான் என்ன செய்யட்டும்? பழைய பாக்ஸில் புது ஆயில் மாற்றினால் இன்னும் கெட்டுவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

ஓர் ஆசிரியை, காரைக்குடி

பதில்: சகோதரி, முதலில் அந்த மூன்று பேரிடமும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வண்டிக்கு அடியில் இதுவரை ஒருவரும் படுத்துப் பார்க்கவில்லை என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. பார்க்காமல் சொன்ன தொகைகள்தான் இவை மூன்றும்.

முப்பது வருடத்துக்கு மேலாக ஆட்டோமேட்டிக் பாக்ஸ் வேலைதான் பார்க்கிறேன். வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “ரிவர்ஸ் போகிறதா?” என்பதுதான். நீங்கள் கேட்காமலேயே அதற்குப் பதில் எழுதிவிட்டீர்கள். ரிவர்ஸ் இழுத்துப் போகிறது என்றால் எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி, எஞ்சினையும் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைத் தாண்டி உள்ளே வருகிறது. ஆயில் பம்ப் அழுத்தம் கொடுக்கிறது. கோள் கியர்களும் பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் வேலை செய்கின்றன. பெரிய செலவு வைக்கும் உறுப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு ரிவர்ஸிலேயே சாட்சி சொல்லிவிட்டன. அதற்குப் பிறகும் ‘மொத்தமும் போச்சு’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இந்தப் பாக்ஸோடு பழக்கம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் வண்டி பென்ஸின் டபிள்யூ 123 வரிசை. 1976இல் அறிமுகமாகிப் பத்து வருடத்தில் ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள். அவ்வளவு செய்ததால்தான் இன்றும் அதற்குச் சீலும் பிஸ்டனும் கிளட்ச் தட்டும் புதிதாகவே கிடைக்கின்றன. 1983 வண்டி என்பதால் உள்ளே இருப்பது 722.4 என்ற நாலு கியர் பாக்ஸாக இருக்க வேண்டும். அடியில் ஆயில் சட்டி ஒட்டும் விளிம்புக்குச் சற்று மேலே எண் பொறித்திருக்கும். துடைத்துவிட்டு அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த உதிரிப்பாகம் வாங்கினாலும் முழு எண்ணையும் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

இந்தப் பாக்ஸின் உள்ளே இரண்டு பட்டைகள் உண்டு. பட்டை என்றால், சுழலும் ஒரு டிரம்மைச் சுற்றி வளைத்து இறுக்கிப் பிடிக்கும் எஃகு வளையம், உள்பக்கம் பிரேக் லைனிங் ஒட்டியது. பி1, பி2 என்று பெயர். பி3 என்பது பட்டை இல்லை, அடுக்கிய தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரேக். இவற்றில் பி2 பட்டை ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று கியர்களிலும் பிடித்திருக்க வேண்டும். நாலாவதில்தான் விடும். ரிவர்ஸுக்கு அதன் தயவே தேவையில்லை, அது பி3யின் வேலை. ஆகவே பி2 பிடிக்கவில்லை என்றால் என்ன நடக்கும்? டி போட்டால் எஞ்சின் இரையும், வண்டி நிற்கும், ரிவர்ஸ் மட்டும் நன்றாகப் போகும். உங்கள் கதை அப்படியே அதுதான். ஆனாலும் இதே கதையைச் சொல்லும் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுமே பி2வைவிட மலிவானவை. அவற்றைத் தீர்த்துவிட்டுத்தான் பி2விடம் போக வேண்டும்.

முதலாவது, கியர் லிவர் கம்பி. நீங்கள் உள்ளே அசைக்கும் லிவருக்கும் பாக்ஸின் பக்கத்தில் இருக்கும் கைக்கும் நடுவில் ஒரு கம்பி போகிறது. அந்தக் கம்பியின் இணைப்புகளில் விரல் நகம் அளவுக்குப் பிளாஸ்டிக் புஷ்கள் இருக்கும். நாற்பது வருடத்தில் அவை பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். அப்புறம் நீங்கள் உள்ளே டி போடுவீர்கள், பாக்ஸ் நியூட்ரலிலேயே நிற்கும். இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், கால் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொள்ளுங்கள், லிவரை டியில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆகக் கூடாது. பி (பார்க்கிங்), என் (நியூட்ரல்) இரண்டில் மட்டுமே ஸ்டார்ட்டர் வேலை செய்யும்படி ஒரு சுவிட்ச் உண்டு, அது இந்த வண்டியில் பாக்ஸின் மேலேயே இருக்கிறது. லிவர் டியில் இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆனால், பாக்ஸ் உண்மையில் நியூட்ரலில் கிடக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் உங்கள் செலவு ஒரு புஷ்ஷும் அரை நாள் கூலியும்தான்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 1990களின் நடுவில், நான் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, இதே வரிசை டீசல் வண்டி ஒன்று இதே குறையோடு வந்தது. நாலு பேர் சேர்ந்து பாக்ஸை இறக்கினோம். இரண்டு நாள் பிரித்தோம். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. சரி, வந்ததற்கு என்று சீல் செட்டை மாற்றி மறுபடி ஏற்றினோம். கம்பியை மாட்டும்போது என் விரலில் மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் தூள் ஒட்டியது. புஷ் இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. அந்த வண்டிக்காரரிடம் முழு வேலைக்கும் பணம் வாங்கப்பட்டது. நான் அன்று வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. அன்றிலிருந்து வெளியே பார்க்க வேண்டியதை முடிக்காமல் நான் எந்தப் பாக்ஸையும் இறக்குவதில்லை.

இரண்டாவது, ஆயில் குறைவு. இங்கே உங்கள் அப்பாவின் பழக்கம்தான் பெரிய துப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறார், ஆனால் தரையில் சொட்டு இல்லை, காலையில் வெள்ளைப் புகை. அந்த ஆயில் எங்கே போனது? எஞ்சின் குடித்திருக்கிறது.

பாக்ஸின் பக்கத்தில் மாடுலேட்டர் என்று ஒரு தகர டப்பா இருக்கும். சின்ன மூடி அளவுதான். எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய வாக்கியூம் குழாய் அதற்கு வரும். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை அந்த உறிஞ்சலை வைத்துத்தான் பாக்ஸ் தெரிந்துகொண்டு கியர் மாற்றும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. டப்பாவின் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் எஞ்சின் அந்தக் குழாய் வழியாகப் பாக்ஸின் ஆயிலைச் சிறுகச் சிறுக உறிஞ்சி எரித்துவிடும். தரை காய்ந்து இருக்கும், புகைபோக்கியில் வெள்ளைப் புகை வரும். மாடுலேட்டர் முனையில் அந்த ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் சிவப்பாக ஈரம் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம். பாக்ஸை இறக்காமல் வெளியிலிருந்தே ஒரு போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடிய பொருள் அது. உங்கள் வண்டியில் மாடுலேட்டர் போயிருக்கிறது என்று இங்கிருந்தே கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். மூன்று வருடம் நின்று, அப்புறம் பத்து நாள் ஓடியதில் இருந்த கொஞ்ச ஆயிலும் போயிருக்கலாம்.

ஆயில் அளவு பார்ப்பதில் பலரும் தவறு செய்கிறார்கள். எஞ்சின் ஆயில் மாதிரி இதை நிறுத்தி வைத்துப் பார்க்கக் கூடாது. சமதளத்தில் வண்டி, லிவர் பியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குச்சியின் தலையில் ஒரு மடக்குக் கொக்கி இருக்கும், அதைத் தூக்கினால்தான் வெளியே வரும். குச்சியில் இருக்கும் இரண்டு கோடுகளும் ஆயில் நன்றாகச் சூடான நிலைக்கு, ஏறக்குறைய 80 டிகிரிக்கு உரியவை. நீங்கள் இப்போது வண்டியை ஓட்ட முடியாது என்பதால் இருபது நிமிடம் ஐடிலில் விட்டால் மிதமாகத்தான் சூடேறும். அப்போது கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தாலே போதும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் 300 மில்லி, ஆகவே லிட்டர் கணக்கில் கவிழ்த்துவிட வேண்டாம். கூடினாலும் கெடுதல்தான். சுழலும் உறுப்புகள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை அழுத்தம் பிடிக்காது.

குச்சியைத் துடைக்கும் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் பனியன் வேஸ்ட்தான். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். எஞ்சினுக்குச் சரி, பிரேக் டிரம்முக்குச் சரி, ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. இந்தப் பாக்ஸின் வால்வ் பாடி என்பது, ஒரு உள்ளங்கை அகல அலுமினியத் தகட்டுக்குள் புற்று மாதிரி ஓடும் சின்னச் சின்ன வழிகள். அவற்றில் வழுவழுப்பாக ஓடும் வால்வுகளுக்கும் துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மயிரிழையைவிடக் குறைவு. பனியன் துணியின் ஒரு நூல் உள்ளே போனால் வால்வு பாதியில் நின்றுவிடும். நூல் உதிராத, நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துண்டு இருந்தால்கூட விளிம்பை மடித்துத் தைத்ததாகப் பாருங்கள். அல்லது துடைக்கும் காகிதம் போதும்.

அடுத்தது, அப்பா ஊற்றியது என்ன ஆயில் என்று கொட்டகை அலமாரியில் பழைய டப்பா இருந்தால் பாருங்கள். கடையில் கியர் ஆயில் என்று கேட்டால் பல இடங்களில் 90 நம்பர் கெட்டி ஆயிலைத்தான் கொடுப்பார்கள். இதற்கு வேண்டியது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கென்றே உள்ள ஆயில், சிவப்பாக, தண்ணீர் மாதிரி ஓடும், டெக்ஸ்ரான் 3 தரம். இது வழுக்குவதற்கு மட்டும் உள்ள ஆயில் அல்ல. அழுத்தம் கடத்த வேண்டும், சூட்டைக் கொண்டுபோக வேண்டும், அதோடு தட்டுகளும் பட்டைகளும் சரியான அளவுக்கு வழுக்கிச் சரியான நொடியில் பிடிக்கவும் வேண்டும். அந்தப் பிடிமானக் குணத்துக்காக ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயையே இதில் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கில எண்ணெயைத் தடுத்த பிறகுதான் ரசாயனங்களை வைத்து அந்தக் குணத்தைக் கொண்டுவந்தார்கள். ஆகவே டெக்ஸ்ரான் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து ஊற்றுங்கள். குச்சியில் வருவது பாயசம் மாதிரி இளஞ்சிவப்புப் பாலாக இருந்தால் மட்டும் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் பொத்துக்கொண்டு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் நான் மேலே சொன்ன நம்பிக்கை எதுவும் பொருந்தாது. தட்டுகளில் ஒட்டிய லைனிங்கைத் தண்ணீரும் கூலன்ட்டும் உரித்துவிடும், பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஆயில் சரி, லிவர் கம்பி சரி, அப்போதும் டியில் நகரவில்லை என்றால்தான் பி2. இனிமேல் வொர்க்‌ஷாப் வேலை. வண்டியை அங்கே கொண்டுபோகும்போது பின்சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுத்துப் போகாதீர்கள். பாக்ஸின் பம்ப் எஞ்சினோடு சுற்றுவது, எஞ்சின் நின்றிருக்கும்போது உள்ளே ஆயில் ஓடாது, பின்சக்கரம் மட்டும் உள்ளே இருப்பவற்றை ஆயில் இல்லாமல் காயக் காயச் சுற்றும். தட்டையான மேடை உள்ள ரெக்கவரி வண்டியில் ஏற்றிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். டியில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து ‘பிடிக்கிறதா’ என்று யாரும் பார்க்கவும் விடாதீர்கள். பாதி பிடித்து வழுக்கும் பட்டை ஒரு நிமிடத்தில் கருகிவிடும்.

அங்கே முதலில் ஆயில் சட்டியை இறக்கச் சொல்லுங்கள். இறக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ‘நீங்க எதுக்கும்மா வெயில்ல, போன் பண்றோம்’ என்பார்கள். நின்றே ஆக வேண்டும். அந்தச் சட்டியில் இருப்பதுதான் பாக்ஸின் ரத்தப் பரிசோதனை. அடியில் விபூதியைக் குழைத்த மாதிரி மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் அது நாற்பது வருடத் தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் நகக்கண்ணில் குத்தும் துகள்கள், மஞ்சள் உலோக மினுக்கம், கறுப்பாகப் பட்டை பட்டையாக லைனிங் துண்டுகள் இருந்தால் உள்ளே ஏதோ அழிந்திருக்கிறது. முகர்ந்தும் பாருங்கள். கருகிய வாடை அடித்தால் தட்டோ பட்டையோ எரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

சட்டி சுத்தமாக இருந்தால் பாக்ஸை இறக்காமலே பி2 பிஸ்டனைப் பார்த்துவிடலாம். பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு வட்டமான மூடி, அதைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்நாப் ரிங். உள்ளே பலமான ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் மூடியை ஜாக்கியாலோ அதற்கென்று செய்த கருவியாலோ அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ரிங்கை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் அடிக்கும். சைலன்சர் குழாயைக் கொஞ்சம் தளர்த்த வேண்டி வரலாம். உள்ளிருந்து வரும் அலுமினியப் பிஸ்டனைக் கையில் வாங்கிப் பாருங்கள். சுற்றியுள்ள ரப்பர் உதடு மெத்தென்று வளைய வேண்டும். மூன்று வருடம் நின்ற வண்டியில் அது காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி விறைத்திருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது, சில சமயம் உடையவே செய்யும். இல்லையென்றால் பட்டையைத் தள்ளும் நடுமுளை முறிந்திருக்கும். இந்த வரிசைப் பாக்ஸ்களில் நான் பார்த்த ‘டி போகவில்லை’ வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கண்டது இதைத்தான். பிற்பாடு கம்பெனி இந்தப் பிஸ்டனைத் திருத்தியே வெளியிட்டது. வாங்கும்போது அந்தத் திருத்திய பிஸ்டனைக் கேளுங்கள். பிஸ்டன், மூடியின் சீல், ஃபில்டர், சட்டி கேஸ்கெட், மாடுலேட்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்தாலும் உங்களிடம் கேட்ட எண்பதாயிரத்துக்கு வெகு கீழே முடியும்.

ஆயில் மாற்றினால் இன்னும் கெடுமா என்று கேட்டீர்கள். அது பாதி உண்மை. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து, உதிர்ந்த லைனிங் தூள் ஆயிலில் மிதந்து அதன் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டிருந்த பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால், மறுவாரமே வழுக்க ஆரம்பிக்கும். ஆயில் கெடுக்கவில்லை, இருந்த கேட்டை வெளியே காட்டியது. உங்கள் அப்பா அளவு பார்த்துப் பார்த்து ஊற்றிய மனிதர். அவர் கையில் இருந்த பாக்ஸுக்கு நான் தயங்காமல் ஆயில் மாற்றுவேன். மாற்றும்போது சட்டியில் இருப்பதை மட்டும் வடித்தால் பழையதில் பெரும் பங்கு கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். இந்த வண்டியில் கன்வெர்ட்டருக்கும் வடிகால் போல்ட் கொடுத்திருக்கிறார்கள், இன்றைய வண்டிகளில் காணக்கிடைக்காத வசதி. முன்பக்கம் கிராங்க் போல்ட்டில் 27 சாக்கெட்டை மாட்டி எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் அந்த வடிகால் போல்ட், கீழே கன்வெர்ட்டர் உறையில் ஜன்னல் மாதிரி இருக்கும் திறப்புக்கு நேராக வரும். 5 எம்எம் ஆலன் கீ போட்டு அதையும் வடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வடித்தால் ஆறு லிட்டருக்கு அருகில் ஊற்ற வேண்டி வரும். முதலில் நாலு லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, மீதியைக் குச்சியைப் பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை.

மேனுவல் பாக்ஸ் யோசனையை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்று சொல்கிறேன். இதே டபிள்யூ 123க்குக் கம்பெனியே மேனுவல் பாக்ஸ் செய்தது. அந்தப் பாக்ஸ், அதன் கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஃப்ளைவீல், கிராங்க்கில் உட்காரும் பைலட் பேரிங், அந்த நீளத்துப் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தால் அது நேர்மையான வேலை, நானே செய்திருக்கிறேன். உங்களிடம் சொன்னது அது இல்லை. வேறு வண்டியின் பாக்ஸை லேத்தில் ஒரு தகடு கடைந்து நடுவில் வைத்துப் பூட்டுவது. எஞ்சின் மையமும் பாக்ஸின் மையமும் நூலளவு விலகினாலும் முதலில் பைலட் பேரிங் போகும், பிறகு இன்புட் ஷாஃப்ட். அதற்காக நடுத்தளத்தை வெட்டுவார்கள், ஸ்பீடோமீட்டர் ஓடாது. எல்லாவற்றையும்விட, கழற்றிய அசல் பாக்ஸ் எடைக்குப் போய்விடும். அதுதான் திரும்ப வராத பொருள். நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் அதைக் கொட்டகையில் ஒரு மூலையில் சாக்குச் சுற்றி வையுங்கள்.

கோவை உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ டெல்லி மாயாபுரியிலோ பழைய பாக்ஸ் ஒன்று கிடைக்கும், மாட்டிவிடலாம் என்றும் யாராவது வருவார்கள். அதுவும் நாற்பது வருடத்துப் பாக்ஸ்தான். பல வருடம் ஆயில் இல்லாமல் கடை வாசலில் கிடந்ததில் அதன் ரப்பர்கள் உங்களுடையதைவிட மோசமாகக் காய்ந்திருக்கும். அதோடு டீசல் வண்டியின் பாக்ஸும் உங்கள் பெட்ரோல் வண்டியின் பாக்ஸும் வெளியே ஒன்றுபோல் இருந்தாலும் வண்டியின் வேகத்தைப் பாக்ஸுக்குச் சொல்லும் கவர்னரும் வால்வ் பாடியும் வேறு. உதிரிப்பாகத்துக்காக வாங்கலாம், மாட்டுவதற்காக வேண்டாம்.

விற்கும் யோசனைக்கும் ஒரு சொல். இப்போது இருக்கும் மத்திய அரசு விதிப்படி, முதலில் பதிவான நாளிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸும் பாடியும் எஞ்சினும் மாற்றப்படாமல் இருக்கும் சொந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். 2021இல் வந்தது. உங்கள் வண்டி 1983இலேயே பதிவானதென்றால் 2033இல் அந்த வயதைத் தொடும். பினாங்குக் காகிதங்கள், சுங்க ரசீது, பழைய ஆர்சி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முன்னால் நகராத வண்டியை நாற்பதாயிரத்துக்குக் கேட்டவருக்கு இதெல்லாம் தெரியும்.

சட்டியில் லைனிங் துண்டுகளோ உலோகத் துகள்களோ கிடந்தால், அல்லது ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் மட்டுமே இறக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போகிறோம். அப்படி நேர்ந்தால் இரண்டரை லட்சம் என்ற தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். தட்டுகள், இரண்டு பட்டைகள், எல்லாச் சீல்கள், கன்வெர்ட்டரை வெட்டிச் சுத்தம் செய்வது, கூலர் குழாய்களைக் கழுவுவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கூலரைக் கழுவாமல் புதுப் பாக்ஸை மாட்டினால் பழைய தூள் முதல் நாளே உள்ளே வந்துவிடும். மறுபடி ஏற்றும் நாளில் நீங்கள் அங்கே இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கன்வெர்ட்டரைப் பாக்ஸின் வாயில் வைத்துச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுவார்கள். ‘டொக்’, ‘டொக்’ என்று படிப்படியாக இறங்கி உட்காரும். கடைசிப் படி இறங்காமல் அவசரத்தில் பாக்ஸை எஞ்சினோடு சேர்த்து போல்ட்டால் இழுத்து முறுக்கினால், பம்ப்பின் காது உடைந்து அத்தனை செலவும் வீணாகிவிடும். பாக்ஸும் எஞ்சினும் கையால் தள்ளியே முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும். போல்ட் போட்டு இழுத்தால்தான் சேர்கிறது என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் ஒரு கணம் வீறிட்டு அப்புறம் பிடிக்கலாம். திரும்பவும் பாக்ஸ் போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள். இந்தப் பாக்ஸின் பழைய பழக்கம் அது. கே1 ஸ்பிரிங் என்று ஒரு சின்ன ரிப்பேர் கிட் அதற்கென்றே உண்டு. முதலில் புது மாடுலேட்டரைச் சரியாக அளவு வைத்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து போகும் கேபிளின் தளர்ச்சியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். வாரம் ஒருமுறையாவது வண்டியைக் குன்றக்குடி வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள். கொட்டகையில் நிறுத்தியபடி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதில் பாக்ஸுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆயில் முழுச் சூடேறி எல்லாக் கியரும் மாறினால்தான் ரப்பர்கள் நனைந்து உயிரோடு இருக்கும்.

நாளைக் காலை லிவரை டியில் வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதா இல்லையா, குச்சியில் ஆயில் எவ்வளவு, என்ன நிறம் என்று எழுதுங்கள். பி2 பிஸ்டன் வரை போக வேண்டியிருந்தால், கழற்றிய பழைய பிஸ்டனை அவர்களிடம் விட்டுவிடாமல் வாங்கி வைத்து, அதன் ரப்பர் உதடு தெரியும்படி ஒரு படம் அனுப்புங்கள்.